எங்கள் வீட்டுச் சைரன்

எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் படம்தான் இருக்கிறது. பெற்ற தாயே அடையாளம் சொல்ல முடியாதபடி எடுக்கப்பட்ட படம் என்றாலும், சட்டப்படி அது நான்தான். வீட்டுக்குச் சட்டம் போடும் அதிகாரமும் அந்தப் படத்தோடு சேர்ந்தே வருகிறது என்று நம்பி, பிள்ளைகளின் செல்போன் பழக்கத்தைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு திட்டம் தீட்டினேன். தீட்டியது ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு, போர்வைக்குள், போனில்.

பிள்ளைகளின் பழக்கம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆதாரம் வேறு பக்கம் கை காட்டியது. ஆப்பிளும் கூகுளும் 2018-ல், பேசி வைத்துக்கொண்டதைப் போல ஒரே ஆண்டில், யார் எதை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று எழுதிவைக்கும் ஒரு கணக்குப்பிள்ளையை போனுக்குள் உட்கார வைத்துவிட்டன. பத்தாவது படிக்கும் என் மகள் எல்லோருடைய போனையும் வாங்கி, அந்தக் கணக்கைக் கூடத்தில் உரக்க வாசித்தாள். பையன் மூன்றாமிடம். அவள் இரண்டாமிடம். இரண்டாமிடத்துக்கும் முதலிடத்துக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கேட்டுப் பையன் விசிலடித்தான்.

என் எண்ணைச் சொல்ல மாட்டேன். வருமானத்தையே ஆடிட்டரிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

"அதெல்லாம் ஆபீஸ் வேலைம்மா" என்றேன்.

"ஆபீஸ் மெயில் பத்து நிமிஷம்கூட இல்லப்பா. மீதி எல்லாம் யூடியூப். அதுலயும் துருப்பிடிச்ச கத்தி, அரிவாளைத் தேய்ச்சுப் புதுசாக்குற வீடியோவா பார்த்திருக்கீங்க."

"நம்ம வீட்டு அரிவாள்மணை தீபாவளியிலேர்ந்து மொக்கையா கிடக்கு" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து, யாரிடம் என்று குறிப்பிடாமல்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்த மாதிரிப் பழக்கத்துக்கென்றே 2014-லிருந்து ஒரு தனி கிளினிக் நடக்கிறது என்று மகள் சொன்னாள். பெரியவர்களையும் எடுத்துக்கொள்வார்களா என்று மனைவி கேட்டாள்.

அம்மாவின் போன் இந்தப் போட்டியிலேயே இல்லை. அவளுடையது பட்டன் போன். அதுவும் பேசி முடித்த மறுநிமிடம் ஸ்விட்ச் ஆஃப். "பேசியாச்சு, அப்புறம் எதுக்கு அது சும்மா ஓடணும்? ரூமை விட்டு வெளியே வந்தா ஃபேனை நிறுத்தறோமா இல்லையா?" என்பாள். அதனால் அம்மா உலகத்தை அழைக்கலாமே தவிர, உலகம் அம்மாவை அழைக்க முடியாது. திருச்சியில் இருக்கும் சித்திக்கு அவளிடம் பேச வேண்டுமென்றால் எனக்கு போன் போட்டு, "அக்காவை போனை ஆன் பண்ணச் சொல்லுடா" என்பாள். என் திரை நேரத்தில் இந்தத் தூதர் வேலையும் அடக்கம் என்று வாதாடிப் பார்த்தேன். தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள்.

மேல்முறையீட்டுக்குச் சாட்சிகள் தேவைப்பட்டன. தேடினேன், கிடைத்தார்கள். விரலால் தள்ளத் தள்ள அடி காணாமல் வந்துகொண்டே இருக்கிறதே, அந்த அமைப்பை 2006-ல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்கர். அதற்கு முன்பெல்லாம் பக்கம் முடியும். 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு முந்தைய அந்தக் கண்ணிமைப்பில்தான் மனிதனுக்கு மணி என்ன, காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதெல்லாம் ஞாபகம் வரும். அதை எடுத்துவிட்டார். பிற்காலத்தில் அவரே இதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். அவர் வருத்தப்படும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அது முடிந்ததும் அடுத்தது தானாகவே வந்தது.

இன்னொரு சாட்சி பி.எஃப். ஸ்கின்னர். பெட்டிக்குள் புறாவை விட்டு, அது ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி செய்து ஆராய்ந்த உளவியலாளர். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கொடுத்துப் பழக்கிவிட்டு நிறுத்தினால், புறா கொஞ்ச நேரத்தில் சலித்துப் போய்விடுகிறது. எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்றே தெரியாமல் எப்போதாவது விழும்படி வைத்தால், சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. சார்லஸ் ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து 1957-ல் இதைப் பற்றித் தடிமனான புத்தகமே எழுதினார். திரையைக் கீழே இழுத்து விட்டு 'புதுசா ஏதாவது வந்திருக்கா' என்று பார்க்கும் என் கட்டைவிரலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, தேவையும் இல்லை. புறாவுக்காவது கடைசியில் தானியம் விழுந்தது. எனக்கு, குரோம்பேட்டை முழுவதும் இலவச டெலிவரியோடு கொசுவலை அடித்துத் தருகிறோம் என்ற விளம்பரம் விழுந்தது.

இவ்வளவையும் மனைவியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பெட்டிக்குள்ள போட்டு அடைச்சாத்தான் சரிப்படும்" என்றாள். போனையா என்னையா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

போனைக் குறைப்பது எப்படி என்று போனிடமே கேட்டால் அது கோபித்துக்கொள்வதில்லை. பத்து ஆப்களை எடுத்து நீட்டுகிறது. ஒன்றில், போனைத் தொடாமல் இருந்தால் திரைக்குள் ஒரு செடி முளைத்து மரமாகும். நடுவில் வேறு எதையாவது திறந்தால் பட்டுப்போகும். செடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மட்டும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தேன். தோப்பு உருவானது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, யார் யார் கைதட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த வாரத்தில் பால்கனித் துளசி காய்ந்துபோனது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. இன்னொரு ஆப், மூச்சை இழுத்து விட நேரமாகிவிட்டது என்று மணியடித்துச் சொன்னது. அதுவரை யாரிடமும் கேட்காமல்தான் விட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில், சந்தா கட்டினால் இன்னும் ஆழமாக விடலாம் என்றது.

அடுத்தது கறுப்பு வெள்ளை. கூகுளில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து, இந்தத் தொழில் நம் கவனத்தை எப்படிப் பறிக்கிறது என்று பேசிவரும் ட்ரிஸ்டன் ஹாரிஸ் சொன்ன யோசனை: திரையின் நிறங்களை எடுத்துவிடு, சிவப்பு வட்டங்கள் கண்ணைப் பிடித்து இழுக்காது. பொய் சொல்லக் கூடாது, இது வேலை செய்தது. சாம்பல் நிறப் பிரியாணி வீடியோவை எந்த மனிதனாலும் கடைசிவரை பார்க்க முடியாது.

சிக்கல் வாட்ஸ்அப்பில் வந்தது. செய்தியைப் படித்துவிட்டார்கள் என்று காட்ட 2014-ல் நீல டிக் கொண்டுவந்தார்களே, என் போனில் அந்த நீலமும் சாம்பல், படிக்காததும் சாம்பல். நான் அனுப்பும் எதையும் சொந்தபந்தத்தில் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை என்று மனம் கசந்து, மச்சினனுக்கே போன் போட்டுவிட்டேன். "ஏன் மாப்ளே, என் மெசேஜைப் பார்க்கறதே இல்லையா?" "பார்த்துட்டேனே மாமா. பதில் சொல்ற மாதிரி அதுல ஒண்ணும் இல்லையே" என்றான். நீல டிக் தெரிந்திருந்தால் இந்த உண்மை எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மளிகைக் கடையில் இன்னும் மோசம். ஒரு கிலோ சர்க்கரைக்குப் பணம் அனுப்பிவிட்டுத் திரையைக் காட்டினேன். அண்ணாச்சி என் கையிலிருந்து போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, உற்றுப் பார்த்தார். பச்சை டிக்கைக் காணோம். "என்ன சார், ஜெராக்ஸைக் காட்டுறீங்க?" என்றார். கல்லாவின் மேலிருந்த ஸ்பீக்கர் தொகையைச் சத்தமாகச் சொல்லும்வரை சர்க்கரைப் பொட்டலத்தின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நிறம் இருந்தது. அன்று மாலையே போனுக்கு வண்ணம் திரும்பியது.

கண் எரிச்சலுக்கு வருகிறேன். திரையைப் பார்க்கும்போது நாம் இமை கொட்டுவது குறைந்துவிடுகிறது, கண் வறண்டுபோகிறது. கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணுக்குள் இருக்கும் தசையும் இளைப்பாறுவதில்லை. இதற்குக் கண் டாக்டர்கள் சொல்லும் வழி 20-20-20: இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது, இருபது விநாடி பார்க்க வேண்டும். செலவில்லை, சந்தா இல்லை. ஆனால் இருபதடிக்கு எங்கே போவது? எங்கள் ஃப்ளாட் பத்திரத்தில் 850 சதுர அடி. அதில் மாடிப்படியும், லிஃப்ட் ஓடும் குழியும், என் பங்குக்கு வந்த கொஞ்சம் காற்றும் அடக்கம். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் பதிமூன்றாவது அடியில் வாசற்கதவு வந்துவிடுகிறது.

பால்கனி பக்கம் திரும்பினால் கணக்குச் சரியாக வந்தது. இருபதாவது அடியில் எதிர் பிளாக்கின் சமையலறை ஜன்னல்.

இருபது விநாடி என்பது டாக்டருக்குச் சின்ன நேரம். அடுத்த வீட்டுச் சமையலறையை உற்றுப் பார்ப்பதற்கு அது ரொம்ப நீளம். அதுவும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, கைக்கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டு. முதல் நாள் அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் ஜன்னலில் அவருடைய கணவர் நின்றார். கீழே பார்க்கிங்கில் பிடித்துக்கொண்டு என்ன விஷயம் என்று கேட்டார். கண்ணின் தசையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினேன். நல்ல மனிதர்; தமக்கும் கண் எரிச்சல் என்றார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கமும் நான் அவர் வீட்டுப் பக்கமும் பார்க்கிறோம். ஒரே விநாடியில் பார்வை சந்தித்தால் கையைத் தூக்குகிறோம். போன் நம்பர் மாற்றிக்கொண்டோம்.

அங்கேதான் வினை. விடிகாலை ஐந்து மணிக்கு அவரிடமிருந்து ரோஜாப்பூ, ஐந்தேகாலுக்கு முருகன், ஐந்தரைக்குக் காபிக் கோப்பைக்குப் பின்னால் உதிக்கும் சூரியன். இதை நான் மட்டும் அனுபவிக்கவில்லை என்பது ஆறுதல். இந்தியர்களின் போன் மட்டும் ஏன் இப்படி அடிக்கடி நிரம்பித் திணறுகிறது என்று கூகுளின் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டு ஆராய்ந்து, கடைசியில் நம்முடைய குட்மார்னிங் படங்களில் வந்து நின்றார்கள். இதை 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தியாகவே போட்டது. அந்தப் படங்களைத் தேடிப் பிடித்து மொத்தமாக அழிக்க, ஃபைல்ஸ் கோ என்ற தங்கள் ஆப்பில் வசதியும் செய்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய தேடல் நிறுவனத்தையே தேட வைத்த சூரியோதயங்களில் கணிசமானவை எங்கள் எதிர் பிளாக்கிலிருந்து கிளம்புபவை.

கண் முடிந்து கழுத்து. நியூயார்க்கின் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணக்குப் போட்டார். தலை நேராக இருக்கும்போது கழுத்து தாங்குவது சுமார் ஐந்து கிலோ. போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் அதுவே 27 கிலோ ஆகிவிடுகிறது. இந்த எண் எனக்கு உடனே உறைத்தது, ஏனென்றால் நம் ஊர் அரிசி மூட்டை 26 கிலோ. (முன்பு 25 தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜிஎஸ்டி வந்ததும் ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டு வரியைத் தாண்டிவிட்டார்கள். இந்தச் சாமர்த்தியத்தில் கால் பங்கு எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது.) ஆக, ராத்திரிதோறும் ஒரு மூட்டை அரிசியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு அரிவாள் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். "வாசல்ல இருக்கிற மூட்டையை உள்ளே வைங்கன்னா மட்டும் இடுப்பு வலி வந்துடும்" என்றாள் மனைவி.

அரிசிப் பேச்சு ஒரு யோசனையைக் கொடுத்தது. பெட்டிக்குள் அடைக்க வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள் அல்லவா? ராத்திரி சாப்பாடு ஆனதும் போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம். விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா இட்லிக்கு ஊறப்போட டிரம்மைத் திறந்து ஆழாக்கை இறக்கிய அந்த நேரம் பார்த்து எதிர் பிளாக்கிலிருந்து ரோஜாப்பூ வந்தது. போன் வைப்ரேஷனில் இருந்தது. அரிசி தானாக நடுங்குவதைப் பார்த்த அம்மா, ஆழாக்கை வீசிவிட்டு, "டிரம்முக்குள்ள எலிடா!" என்று போட்ட சத்தத்தில் வீடு கூடிவிட்டது. பையன் விளக்குமாற்றோடு வந்தான். முருகன் வந்து அரிசி இரண்டாம் முறை நடுங்கியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உள்ளே கையை விட்டேன். "கையை விடாதீங்கப்பா, கடிச்சிடும்!" என்று மகள் அலறினாள். போனை எடுத்துக் காட்டியதும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பையன், "தண்ணியில போட்டுட்டீங்களாப்பா?" என்று அனுதாபத்தோடு கேட்டான். நனைந்த போனைக்கூட அரிசியில் போடக் கூடாது, துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் சொல்லிவிட்டதாம். நனையாத போனைப் போடுபவர்களைப் பற்றி அவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

தனி மனித முயற்சி இவ்வளவுதான், இனிக் கூட்டு முயற்சி என்று முடிவு செய்தேன். இதற்கு முன்னோடி இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்கு வந்த போன் திரும்பிப் போக மறுத்ததைப் பார்த்து, 2022 ஆகஸ்டில் ஊர் கூடி முடிவெடுத்தார்கள். மாலை 7 மணிக்கு ஒரு சைரன். உடனே ஊரே போனையும் டிவியையும் அணைத்துவிட வேண்டும். பிள்ளைகள் படிக்கலாம், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். 8.30-க்கு மறுபடியும் சைரன் ஊதும்வரை அப்படித்தான். ஒரு ஊரே செய்வதை ஒரு வீடு செய்ய முடியாதா?

சைரன் வாங்கும் அளவுக்கு நமக்கு வசதியில்லை. ஏழரை மணிக்கு மனைவி வைக்கும் குக்கரின் முதல் விசில்தான் சைரன் என்று அறிவித்தேன். அம்மா உடனே எழுந்தாள். "டிவியையுமா நிறுத்தணும்?"

"ஊரே நிறுத்துதும்மா அங்கே."

"அந்த ஊர்ல ஏழரை மணிக்கு என்ன சீரியல் போடறான்னு கேளு முதல்ல."

முதல் நாள், விசில் சத்தம் கேட்டதும் எல்லோரும் கட்டுப்பாடாக போனைக் கீழே வைத்தோம். அது பக்கத்து வீட்டுக் குக்கர். எங்கள் வீட்டில் அப்போதுதான் பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். அபார்ட்மென்டில் ஏழரை மணிக்குக் கேட்கும் விசில்களை வாரிசுச் சான்றிதழ் வைத்தா பிரிக்க முடியும்? பரவாயில்லை என்று அப்படியே உட்கார்ந்தோம். ஃபேன் சத்தம் கேட்டது. எங்கள் ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பையனுக்கு மீசை அரும்பியிருந்தது.

"உங்க காலத்துல போனே இல்லாம என்னப்பா பண்ணீங்க?" என்று அவனே பேச்சைத் தொடங்கினான்.

இந்தக் கேள்விக்காக எத்தனையோ வருடமாகக் காத்திருந்தவன் நான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். விடிகாலையில் எழுந்தது, நாலு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனது, நடுவில் ஆறு, மழைக்காலத்தில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கடந்தது என்று, சுதி சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. பையன் வாய் பிளந்து கேட்டான். மகள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டரை அடித்ததும் போனை எடுத்து மேப்பைத் திறந்தாள். "உங்க வீட்டுலேர்ந்து ஸ்கூல் ஒன்றரை கிலோமீட்டர்ப்பா. ஆறு எதுவும் காட்டலை. ஒரு வாய்க்கால் இருக்கு, அதுக்கு மேல பாலம் இருக்கு."

"பாலம் அப்புறம் கட்டியிருப்பாங்க" என்றேன்.

"வாய்க்காலாவது ஒண்ணாவது, பஸ்ஸுல போனான். நான்தான் பாஸ் எடுத்துக் கொடுத்தேன்" என்றாள் அம்மா. சீரியல் போன கோபம்.

பிறகு விலக்குகள் வர ஆரம்பித்தன. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் அந்த நேரம் பார்த்து வந்து, போனுக்கு வந்த நம்பரைச் சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவேன் என்றான். அது விலக்கு. தண்ணீர் கேன்காரரிடம் சில்லறை கிடையாது, க்யூஆர் அட்டைதான். அதுவும் விலக்கு. பையனின் பள்ளிக்கூடம் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதே எட்டு மணிக்கு. அம்மாவின் சீரியல் மனிதாபிமான அடிப்படையில். கடைசியாக மகள், அப்பா சொல்வதைச் சரிபார்ப்பதற்கு மட்டும் போனை எடுக்கலாம் என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொன்னாள். என்னைத் தவிர எல்லோரும் ஆதரித்தார்கள். சட்டம் ஒரு வரி, விலக்குகள் ஒரு பக்கம் என்றானதும் அரசாங்கங்கள் எப்படி நடக்கின்றன என்பது எனக்கு ஓரளவு விளங்கியது.

இந்த நிலையில் நானே போய் வலையில் விழுந்தேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2017-ல் செய்த ஓர் ஆய்வைப் பற்றி, காபி குடிக்கும்போது அறிவாளி தோரணையில் மனைவியிடம் சொன்னேன். போன் கவிழ்ந்து கிடந்தாலும், அணைந்தே கிடந்தாலும், பக்கத்தில் இருந்தால் போதும். அதை எடுக்காமல் இருப்பதற்கே மூளையில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறதாம். வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் சோதனைகளை நன்றாகச் செய்தார்களாம்.

"அப்ப வேற ரூம்ல வைங்க" என்றாள்.

ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டில் சமையலறைக்கு வெளியே, யாருக்கும் வழியில்லாத ஒரு மூலையில் இருக்கிறது. சார்ஜர்கள் எல்லாம் அங்கே இடம் மாறின. வீட்டில் இருக்கும்போது போன்கள் ஃப்ரிட்ஜ் மேல்தான். யாருக்கு வேண்டுமோ அவர்கள் அங்கே போய், நின்று, பார்த்துவிட்டு, வைத்துவிட்டு வரலாம். நேரக் கட்டுப்பாடு இல்லை, விலக்கு இல்லை, சைரன் இல்லை. அவள் போட்ட சட்டம் இவ்வளவுதான். அந்த ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அதே விடை வரவில்லை என்று பிறகு தேடிக் கண்டுபிடித்து மேல்முறையீடு செய்தேன். "இதையும் ஃப்ரிட்ஜ்கிட்ட நின்னுக்கிட்டே படிச்சீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கால் வலிக்கலையா?" வலிக்கிறது என்றேன். "அப்ப சட்டம் சரியாத்தான் இருக்கு" என்று தள்ளுபடி செய்துவிட்டாள்.

அவள் சொன்னது நிஜம். எவ்வளவு நல்ல அரிவாளாக இருந்தாலும், நின்றபடி பார்த்தால் பாதித் துரு போவதற்குள் முழங்கால் போதும் என்கிறது. கணக்குப்பிள்ளையின் ஏட்டில் என் எண் இறங்கியது. மகள் இப்போது முதலிடத்துக்கு வந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள். ஒரே ஒரு பக்கவிளைவு: ஃப்ரிட்ஜ் அருகே நிற்பவனின் இன்னொரு கை சும்மா இருப்பதில்லை. திரை நேரம் குறைந்ததைவிட வேகமாக மைசூர்பாகு குறைந்தது.

போன வாரம் பையன் பால்கனியில் கிடந்த ஸ்டூலைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போட்டான். நிற்க வேண்டும் என்று அம்மா சொன்னாளே தவிர உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை என்பது அவன் வாதம். குடும்பத் தலைவர் என்ற முறையில் இந்த வாதத்தை நான் ஏற்றுக்கொண்டேன். ஸ்டூல் பலகை கொஞ்சம் கடினம். ஒரு குஷன் போட்டால் நன்றாக இருக்கும். நேற்று ராத்திரி குஷன் விலையை ஒவ்வோர் ஆப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வரிசையில் நின்ற மகள், "அப்பா, எவ்வளவு நேரம்? எழுந்திரிங்க, நான் ஹோம்வொர்க் பார்க்கணும்" என்றாள்.

"இரும்மா, இன்னும் ரெண்டே ரெண்டு கலர்தான்" என்றேன்.